ஆணி அடிக்கக் கூடாத வீடு

கணபதி ஆசாரி வருகிறேன் என்று சொன்ன நாட்களில் பாதி நாள் வந்திருந்தால்கூட, பதுளைக் கடைத்தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் மாடி வீடு கட்டிக் கொடுத்திருக்கலாம். மனுஷர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம். இவரோ வாசலில் வந்து நின்று, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "அம்மா கையால ஒரு வாய் காப்பி குடிச்சாத்தாங்க எனக்கு உளி ஓடும்" என்பார். கனகம் திட்டுவதற்காக மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், காப்பி போட அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கனகம் அரிசிக்கடை வைரவநாதனின் மனைவி. முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டு வாசல் பக்கத்துச் சந்தில் இருந்தது. கதவைத் திறந்தால் நேரே பெரிய அறை, அதைத் தாண்டினால் அடுப்படி. வேறு வழி கிடையாது.

அந்தப் பெரிய அறைக்கு ஆதியிலிருந்தே மண்தரைதான். எவ்வளவு சாணி போட்டு மெழுகினாலும் மழைக்காலம் வந்தால் கீழேயிருந்து ஈரம் கசியும். ராத்திரி விரித்த பாயைக் காலையில் பிழியலாம். அந்தத் தரையில்தான் கனகத்தின் மூத்த மகள் லெட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்தாள். கார்த்திகை மாதம், விடாத மழை. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டுக் கழியும்வரை கட்டில் கிடையாது, பாய்தான். சன்னி கண்டு, பெற்ற பிள்ளையின் முகம்கூட அடையாளம் தெரியாமல் பிதற்றிப் பிதற்றியே லெட்சுமி போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் நிலைக்கவில்லை. வைத்தியர் என்னென்னவோ காரணம் சொன்னார். கனகத்துக்கு ஒரே காரணந்தான், அந்தத் தரை. அடுத்த வருஷம் முழுவதும் அந்த அறையைக் கூட்டும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது.

அதனால்தான், மடுல்சீமையில் கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த இளையவள் சந்திரகாந்தி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்றைக்கே, கனகம் புருஷனுக்குச் சோறு போடும்போது ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, அந்த அறைக்குப் பலகைத்தரை போடணும். காந்தி வர்றதுக்குள்ள."

வைரவநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "தேயிலைப் பெட்டிப் பலகை மலிவா கிடைக்கும். அதப் போட்டா போதாதா?"

"உங்க பேரப்பிள்ள என்ன கப்பல்ல ஏத்துற சரக்கா?"

வைரவநாதன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். ஆசாரியைக் கூப்பிட்டார்கள். ஆசாரி அறையைச் சுற்றி ஒரு நடை நடந்து, "ஒரு அறைதானேங்க, கைக்கு அடக்கமா முடிச்சிரலாம்" என்றார்.

கைக்கு அடக்கமாக ஆரம்பித்த வேலை கையைக் கடிக்க ஆரம்பித்தது. பலாப் பலகைக்கு மட்டுந்தான் முதலில் விலை பேசியிருந்தார்கள். பிறகு, பலகைக்கு அடியில் காற்றோட வேண்டும், மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும் என்றார். தோண்டின பிறகு, பலகையைத் தாங்குகிற சட்டம் உட்காரக் கருங்கல் வேண்டும் என்றார். கல் வந்த பிறகு, சட்டத்துக்குப் பலா ஆகாது, ஈரம் தாங்குகிற முதிரை மரம் பிபிலைப் பக்கமிருந்து வண்டியில் வர வேண்டும் என்றார். ஒவ்வொன்றையும் அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வார். "இந்தத் தரைக்குப் போட்ட காசுல வெள்ளியிலயே ஒரு பாய் பின்னியிருக்கலாம்" என்று வைரவநாதன் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கனகத்தின் தங்கக் காப்பு போய்த்தான் முதிரை மரம் வந்து இறங்கியது. காப்பு போன கையைப் பார்த்து அவள் வருத்தப்படவில்லை. மகளைவிடக் காப்பு பெரிதா என்ன.

ஆடிக் காற்று வீசி முடிவதற்குள் தரை போட்டாகிவிட்டது. பலகையும் பலகையும் அப்படி ஒட்டிக்கொண்டு நின்றன. "எறும்பு நுழையட்டும் பாப்போம்" என்றார் ஆசாரி. அவர் போன பிறகு கனகம் கதவைச் சாத்திவிட்டு, பாய்கூட விரிக்காமல் அந்தத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். முதுகில் ஒரு பொட்டு ஈரமில்லை. 'லெட்சுமி, உனக்கு இதைச் செய்யாமல் போனேனே' என்று நினைத்து, யாருமில்லாத தைரியத்தில் வாய்விட்டு அழுதாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. ஒரு காலையில் கனகம் எழுந்து பார்த்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி தரை நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு மேலே வந்திருந்தன. கதவைத் திறக்க முடியவில்லை. கடைப்பையன்கள் சந்துப் பக்கமிருந்து தோளால் இடித்துத் திறந்தார்கள்.

ஆசாரி வந்தார். குந்தி உட்கார்ந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். "மரம் தண்ணி குடிச்சிருச்சும்மா. காஞ்ச காத்துல நெருக்கிப் போட்டேன். மரம் உப்புறதுக்குச் சுவரோரம் ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கணும். விடாம போயிட்டேன்."

"நீங்க இங்க உக்காந்து காப்பி குடிக்கிறப்பவே, நாளைக்கு மரமும் தண்ணி குடிக்கும்னு யோசிச்சிருக்க வேண்டாமா ஆசாரியாரே?"

"தப்புத்தாங்க" என்றார். தப்பை ஒப்புக்கொண்டவரை என்ன செய்வது? "எல்லாத்தையும் பேத்து, ஓரத்த ஒரு இழைப்பு இழைச்சு, திருப்பி அடிச்சிட்டாப் போச்சு. நாலு நாள் வேலை."

பெயர்க்கிற வேலையில் மட்டும் ஆசாரிக்கு அப்படியொரு சுறுசுறுப்பு. பொழுது சாய்வதற்குள் பலகை முழுவதையும் பெயர்த்துச் சுவரோரம் அடுக்கிவிட்டார். மறுநாள் ஆளைக் காணோம். ஏதோ தோட்டத்து துரை பங்களாவில் கூரை ஒழுகுகிறதாம், துரை கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? கனகம் ஆள் மேல் ஆள் அனுப்பினாள். எல்லாரும் "நாளைக்கு வர்றாராம்" என்ற பதிலோடு திரும்பினார்கள். அதுவரைக்கும் வீட்டில் உள்ளவர்கள் சட்டத்துக்குச் சட்டம் கால் வைத்துத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போய் வந்தார்கள். சட்டங்களுக்கு நடுவே குழி. குழியில் மழைத்தண்ணீர் ஊறி நின்றது.

காந்திக்கு ஏழாம் மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் தரையைத் தோண்டக் கூடாது, மரத்தை அறுக்கக் கூடாது, ஒரு ஆணி அடிக்கக் கூடாது. அடிக்கிற ஆணி வயிற்றுப் பிள்ளையின் மேல் விழும் என்பார்கள். ஊர் நம்பியது. ஊரைவிட அதிகமாகக் கனகம் நம்பினாள். காந்தி வாசற்படியை மிதிப்பதற்குள் கடைசி ஆணி இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் குழியும் சட்டமுமாக அந்த அறை அப்படியே கிடக்கும்.

மடுல்சீமையில் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். வண்டி கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள்தான் துரை பங்களாவிலிருந்து கணபதி ஆசாரியும் வந்து சேர்ந்தார். "நீங்க மட்டும் பக்கத்துல நில்லுங்கம்மா. நீங்க நின்னா நானும் நகர மாட்டேன். வளைகாப்பு முடிஞ்சு பிள்ள வந்து இறங்குறப்ப தரை முடிஞ்சிருக்கும்."

பெற்ற மகளின் வளைகாப்புக்குத் தாய் போகாமல் இருப்பாளா? கனகம் போகவில்லை. வளையலையும் சித்திரான்னத்தையும் கட்டிப் புருஷனையும் நாத்தனாரையும் வண்டியேற்றி விட்டாள். "கேட்டா என்ன சொல்றது?" என்றார் வைரவநாதன். "மேலுக்கு முடியலன்னு சொல்லுங்க. தரையப் பத்தி மூச்சு விட வேண்டாம்." வண்டி போன பிறகு வெகுநேரம் அவளுக்குக் கை ஓடவில்லை. மகள் கைக்கு முதல் வளையல் யார் போட்டிருப்பார்களோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆசாரி சொன்னபடி முதல் நாள் வந்தார், இழைத்தார். அடுத்த நாள் கொட்டுகிற மழையில் வரவில்லை. வண்டி திரும்புகிற அன்று, விடிந்து வெகுநேரம் கழித்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கு மட்டும் கனகம் காப்பி தரவில்லை. அவரும் கேட்கவில்லை. மடமடவென்று அடுப்படிப் பக்கமிருந்து பலகையை அடித்துக்கொண்டு வந்தார். பாதி அறை வந்துவிட்டது. இன்னும் ஒரு பொழுது கிடைத்தால் போதும். வண்டி எங்காவது சேற்றில் மாட்டி நாளைக்கு வரக் கூடாதா என்று கனகம் சாமியைக் கேட்டாள். வண்டி நேரத்தோடு வந்துவிட்டது.

மணிச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அடித்த பலகை முடிகிற இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சட்டம் சட்டமாகத் தாண்டினாள். சந்தில் வண்டி நின்றது. நாத்தனார் வழியில் தன் ஊரிலேயே இறங்கிவிட்டிருந்தாள். சந்திரகாந்தி ஒரு காலை இறக்கிப் படியில் வைத்திருந்தாள். இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல். முகம் பூரித்துப் போயிருந்தது. அவள் தோளைப் பிடித்திருந்தவள் மாமியார் விசாலாட்சி, மருமகளைக் கொண்டுவந்து விட்டுப் போக வந்தவள்.

உள்ளே ஆசாரி ஒரு ஆணியை இறக்கினார்.

"அது என்ன சத்தம்?" என்றாள் விசாலாட்சி. வைரவநாதன் மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்க ஆசாரியாரே!" கனகம் கத்தினாள். "வாங்க மதினி, வா காந்தி. ஒண்ணுமில்ல. அரை நாள் வேலைதான் பாக்கி..."

விசாலாட்சி இறங்கி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். சட்டத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், குழியில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். திரும்பிப் போய் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"காந்தி, காலை மேல எடு. ஏறு."

"மதினி!"

"குழி தோண்டிப் போட்ட வீட்டுலயா பிள்ளத்தாச்சிய விட்டுட்டுப் போகச் சொல்றீங்க?" விசாலாட்சிக்குக் கோபமில்லை, பயந்தான். "மூத்தவளுக்கு இங்க என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுதான் இவள எடுத்தோம். அப்ப நான் ஒரு வார்த்த கேக்கல. இப்ப கேக்க வச்சிட்டீங்களே."

"அவளுக்காகத்தான் மதினி இந்தத் தரையே. பக்கத்து வீட்டுல ரெண்டு நாள் இருக்கட்டும்..."

"ஊரான் வீட்டுலயா? வந்து நின்ன நேரத்துலயே ஆணிச் சத்தம். எனக்கு மனசு சரியில்ல மதினி. ராத்திரிக்குப் பசறையில எங்க அண்ணன் வீட்டுல தங்கிக்கிறோம். இந்த ரோட்டுல இன்னொரு தடவ வயித்துப் பிள்ளையோட இவள ஏத்தி இறக்க மாட்டேன். எங்க வீட்டுலயே பெத்துக்கட்டும். வலி கண்டதும் உங்களுக்கு ஆள் அனுப்புறேன்."

மடுல்சீமையிலிருந்து ஆள் வந்து, இந்த மழையில் இவள் போய்ச் சேருவதற்குள் எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும். சம்பந்தி வீட்டில் மாசக்கணக்கில் போய் உட்கார முடியாது என்பதும் தெரியும். கனகம் சண்டை போடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் என்னவென்று போடுவது? விசாலாட்சியின் இடத்தில் அவள் நின்றிருந்தாலும் வண்டியைத் திருப்பத்தான் சொல்லியிருப்பாள்.

"உங்க வீட்டுலயும் மண்தரைதானே மதினி" என்றாள் கடைசியில்.

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே திரும்பினாள். சுவரோரம் சாத்தியிருந்த பலகையில் ஒன்றை இழுத்தாள். இழைத்த பலகை, வழுவழுவென்றிருந்தது. அவளால் தூக்க முடியவில்லை. சட்டத்தின் மேலாக இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். "இதையாவது ஏத்திக்குங்க. நாலு பலக போதும். பாய்க்கு அடியில போட்டுப் படுத்துக்கட்டும்."

"அது கதவோரத்துக்கு அளந்ததும்மா" என்றார் ஆசாரி பின்னாலிருந்து, மெதுவாக.

"வேண்டாம் மதினி. இந்தத் தரை மரம் எங்க வீட்டுக்கு வேண்டாம்." விசாலாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

சந்திரகாந்தி அதற்குள் வண்டியில் ஏறியிருந்தாள். வண்டிச் சக்கரத்துக்கு மேலாகக் கையை நீட்டினாள். கனகம் பலகையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். வளையலெல்லாம் குலுங்கியது. கை சில்லென்றிருந்தது.

"காலுக்குக் கம்பளி போட்டுக்கடி. ஈரத்துல மட்டும் படுத்துறாத."

"வேற எங்கம்மா படுக்கிறது?" என்றாள் காந்தி. குறையாகச் சொல்லவில்லை. தாய்க்குத் தெரிந்திருக்கும் என்றுதான் கேட்டாள்.

கனகத்துக்குத் தெரியவில்லை. வண்டி நகர்ந்தது, கை விட்டுப்போயிற்று. சந்து முனையில் திரும்புகிறவரை காந்தி தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். வைரவநாதன் கடைக்குள் போய், அளந்து வைத்த அரிசியைத் திரும்ப அளக்க ஆரம்பித்தார்.

கனகம் வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவும் தோன்றவில்லை, வெளியே போகவும் இடமில்லை. பின்னால் ஆசாரி வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, செருமினார்.

"அம்மா... பிள்ளத்தாச்சிதான் போயிட்டாங்களே. இனி ஆணி அடிக்கலாங்களா?"

கனகம் திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டினாள்.

அன்றைக்குத்தான் கணபதி ஆசாரி காப்பி கேட்காமல், பீடி பற்றவைக்காமல், பொழுது சாய்கிறவரை ஒரே மூச்சாக வேலை செய்தார். தரை நன்றாகத்தான் அமைந்தது. சுவரோரம் சுற்றிலும் ஒரு விரற்கடை இடம் விட இந்தத் தடவை அவர் மறக்கவில்லை.