கை ஆடாத வீடியோ

தெருவில் அவருக்கு டிக்‌ஷனரி என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். ‘சாப்டீங்களா?’ என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், அதை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் கேட்கலாம் என்று நிற்க வைத்து விளக்கிவிட்டுத்தான் விடுவார். அவர் வருவதைப் பார்த்தால் ஆட்கள் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனார்கள். அதையும் அவர் கவனித்ததில்லை.

அவர் மனைவி தையல்காரி. வாசல் அறையில் அவளுடைய மெஷின், உள்ளறையில் அவருடைய வெள்ளைப் பலகை. டியூஷன் சென்டரில் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பிறகு, ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வீடியோக்களை வீட்டிலேயே எடுத்துப் போட ஆரம்பித்திருந்தார். வீடு ஓடியது என்னவோ மெஷினால்தான். ஃபோனை நிறுத்தும் ஸ்டாண்டு உடைந்தபோது, வேறு ஒன்று வாங்கலாமே என்று அவள் சொன்னாள்.

“நீ இருக்கும்போது ஸ்டாண்டு எதுக்கு?” என்றார்.

அன்றிலிருந்து அவள்தான் ஸ்டாண்டு. தைத்துக்கொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வந்து ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாடம் முடிந்ததும் அவர் “புரிஞ்சுதா?” என்பார். “புரிஞ்சுது சார்” என்று அவள் ஃபோனுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்க வேண்டும். கட்டின புருஷனை சார் என்று கூப்பிடும் கொடுப்பினை எல்லோருக்கும் கிடைக்குமா!

கொஞ்ச நாளாக அவளுடைய வலது கண்ணில் கரும்புள்ளிகள் மிதந்தன. திடீர் திடீரென்று ஓரத்தில் மின்னல் வெட்டியது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. தையல்காரிக்குக் கண் போனால் கை இருந்து என்ன பிரயோஜனம்? பயந்துபோய் அவரிடம் சொன்னாள். “பாக்கலாம்” என்றார். மறுபடி சொன்னாள். “ஃபோன் பாக்கறத குறைச்சுக்கோ” என்றார். அந்த ஃபோனை அவள் கையில் கொடுத்து மணிக்கணக்காக நிற்க வைத்ததே அவர்தான் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பாடம் எடுப்பார்.

அன்று காலை மின்னல் விடாமல் வெட்டியதால் கண் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து கேட்டாள். “உடனே கிளம்பி வாங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க” என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். உள்ளறையில் அவர் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். மேலே சட்டை, டை. கீழே வீட்டில் போடும் அரை டிராயர். வீடியோவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும்.

“ஏங்க, ஆஸ்பத்திரில உடனே வரச் சொல்றாங்க.”

“இன்னைக்கு ‘சீ’ பாடம். சின்ன வார்த்தைதான், ஆனா அதுக்குள்ள எவ்ளோ அர்த்தம் தெரியுமா? முடிச்சுட்டு பாக்கலாம். புடி.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு வாயில் வந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அடக்கிக்கொண்டு ஃபோனைப் பிடித்தாள். தன் முகம் தனக்குத் தெரிய வேண்டும் என்று, திரையைத் தன் பக்கம் திருப்பித்தான் எடுக்கச் சொல்வார். பாடம் நடத்தும் நேரம் முழுக்க அவர் கண் அந்தத் திரையிலேயே இருக்கும்.

“கண்ணு தொறந்திருந்தா தானா தெரியறது ‘சீ’. நாமளா திரும்பிப் பாத்தா ‘லுக்’. விடாம கவனிச்சா ‘வாட்ச்’. இப்ப, ‘ஐ மஸ்ட் சீ எ டாக்டர்’. இங்க என்ன அர்த்தம்? டாக்டர வேடிக்கை பாக்கவா போறீங்க? உடம்பக் காட்டப் போறீங்க! ‘மஸ்ட்’டுன்னா கண்டிப்பா. தள்ளிப் போடவே கூடாது.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்ததும், ஷெல்பிலிருந்த தடித்த டிக்‌ஷனரிகளை எடுத்து ஸ்டூலில் அடுக்கினாள். ஃபோனை அதில் சாய்த்து வைத்தாள். பர்ஸை எடுத்தாள். அவர் திரும்பினார். அவருக்கு நேர் எதிரே, கதவருகில், செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அவர் திரையைப் பார்த்து டையைச் சரிசெய்துகொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, “விழித்திரை கிழிஞ்சிருக்கும்மா. நல்ல வேளை வந்தீங்க. இன்னும் விட்டிருந்தா கழண்டே வந்திருக்கும். லேசர் வச்சு இப்பவே அடைச்சிடலாம். கூட யாரும் வரலியா?” என்றார்.

“வீட்டுக்காரரு பாடம் எடுத்துக்கிட்டு இருக்காரு.”

“என்ன பாடம்?”

“பாக்கறதப் பத்தி” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். லேசர் என்றதும் பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்து, டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பினாள். எதிரே வந்ததெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பாடம் முடிந்து ஸ்டூலிலிருந்து ஃபோனை எடுத்தபோது, அவள் வைத்துவிட்டுத் தைக்கப் போயிருப்பாள் என்றுதான் அவர் நினைத்தார். இப்போது வீடியோவை ஏற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஃபோனிலிருந்து தலை நிமிரவில்லை.

“வா வா. இன்னைக்குத்தான் கை ஆடாம புடிச்சிருக்க! இத்தன நாள் கத்துனது இப்பதான் மண்டைல ஏறியிருக்கு. இதக் கேளு.”

ஃபோனில் அவர் குரல் “புரிஞ்சுதா?” என்று கேட்டது. பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து அதே குரல் “வெரி குட்” என்றது. டிக்‌ஷனரி, டிக்‌ஷனரியைப் பாராட்டியிருக்கிறது.

“ஆனா கமெண்டு போடற லட்சணத்தப் பாரு. ‘சார், தினமும் புரிஞ்சுதுன்னு சொல்ற அக்கா இன்னைக்கு எங்க? உடம்பு சரியில்லையா?’ன்னு ஒருத்தன் கேக்கறான். பாடத்த விட்டுட்டு எதக் கவனிக்கறான் பாரு!”

யாரோ, எங்கேயோ. அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். “வீட்டுக்குள்ள என்ன கூலிங் கிளாஸ்?”

“கண்ணுக்கு லேசர் வச்சாங்க.”

“எப்ப போன?”

“நீங்க டாக்டர் உதாரணம் சொன்னீங்களே, அப்ப.”

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தார். என்ன இருந்தாலும் கூட வாழ்கிற மனுஷன், இப்போதாவது ஒரு வார்த்தை கேட்பார் என்று அவள் காத்திருந்தாள்.

“அப்ப வீடியோவ யாரு புடிச்சா?”

அவள் ஸ்டூலைக் காட்டினாள். பிறகு அவர் கையிலிருந்த ஃபோனை வாங்கிக்கொண்டாள். தைத்து, தைத்து அவள் வாங்கிய ஃபோன் அது. மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் பட்டனை எங்கே அழுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். கமெண்டில் கேட்டவனுக்குப் பதில் சொன்னாள்.

“தம்பி, கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இப்ப பரவால்ல. கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த பாடத்துக்கு சார் வேற ஃபோன் பாத்துக்குவாரு.”