பாதி சொன்ன நோய்

சோலைராஜ் ராஜபாளையத்தில் பஞ்சுத் தரகர். பெண்டாட்டி போன பிறகு மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. வீட்டில் பேச்சுத்துணைக்கு ரேடியோ. எண்பத்தொன்பதாம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வெள்ளைத்தாய்க்குப் பையன் பிறந்தான். எங்களோடு வந்து இருந்துவிடுங்கள் என்று அவள் கூப்பிட்ட வாரம்தான், காலையில் வெளிக்குப் போன இடத்தில் அதைப் பார்த்தார். வெள்ளையாக, தட்டையாக, நாடாத் துண்டு போல. நெளிந்தது.

இதை வயிற்றில் வைத்துக்கொண்டு பச்சைப்பிள்ளையை எப்படித் தூக்குவது? சரக்கு வந்து கிடக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார்.

மார்க்கெட் முழுக்கத் தெரிந்த முகம். இந்தச் சங்கதியைச் சொல்ல ஒரு காது இல்லை. கடைசியில் டாக்டர் கிருபாபாயிடம் போனார். தரகர் வாயில் முதலில் வருவது என்றைக்கும் அசல் விலை அல்லவே. லேசாக வயிற்றுப் பொருமல் என்று ஆரம்பித்து வைத்தார். அந்த அம்மாள் கிண்டிக் கேட்பார், கொஞ்சங்கொஞ்சமாக ஏறலாம் என்று கணக்கு. அவருக்கு வியாபாரம் தெரியவில்லை. சொன்னதை நம்பிப் பொருமலுக்கு மருந்து கொடுத்தார். அடுத்த தடவை பசியில்லை என்றார். டானிக் வந்தது. டானிக் தனக்கா, உள்ளே இருப்பதற்கா என்று யோசித்துக்கொண்டே குடித்தார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. மகளும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் டாக்டர் சீட்டு எழுதாமல் பேனாவை மூடினார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணுமில்ல. இனிமே வர வேண்டாம்."

விலை படியாவிட்டால் எழுந்து வாசல்வரை போவது தரகில் சகஜம். யாரும் கூப்பிடாமல் சோலைராஜ் திரும்பி வந்தது அன்றைக்குத்தான்.

"உள்ள ஒரு பூச்சி இருக்கு டாக்டரம்மா. நாடா கணக்கா விழுது."

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

மறுநாள் பாட்டிலில் கொண்டுபோனார். நாடாப்புழுதான். வேகாத பன்றிக்கறி தின்றதுண்டா என்றதற்கு, சந்தைக்குப் போன ஊர்களில் என்று ஒப்புக்கொண்டார். டாக்டர் கொடுத்த நாலு மாத்திரையையும் வெறும் வயிற்றில் மென்று விழுங்கி, பிறகு பேதிமருந்து. புழுவின் தலை உள்ளே தங்கிவிட்டால் மறுபடி வளருமாம். மூன்று மாதம் பொறுத்துச் சோதித்தால்தான் உறுதி.

சுத்தம் என்று டாக்டர் சொன்ன அன்றே பஸ் ஏறினார். மகள் வீட்டுக் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கையை நீட்டினார். நடைபழகிவிட்ட பேரன் ஓடிப்போய் அம்மா சேலையில் முகத்தைப் புதைத்து அழுதான்.

"புது ஆளுன்னு மிரளுதான்பா. செத்த நேரம் இருங்க, பொறவு வருவான்."

சோலைராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் சேலையை விலக்கி ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மகள் காபி போட அடுப்படிக்குப் போனாள். அவனும் கூடவே போய்விட்டான்.