நிற்க வேண்டிய இடம்

1

இந்தக் கதை ஒரு கல்யாண வீட்டில் எனக்குக் கிடைத்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு, லண்டன் ஈஸ்ட் ஹாமில். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, இவர்தான் கிறிஸ்துநாயகம், அமெரிக்கன் ஃபுட்போலைச் சம்பளத்துக்கு ஆடிய எங்கட ஆள் என்றார் எதிரே இருந்தவர். அவ்வளவு வேகம் இருந்தும் ஏன் சரிவரவில்லை என்றும் அவரே கேட்டார். கிறிஸ்துநாயகம் சிரித்துவிட்டு வடையைப் பிய்த்தார்.

பிறகு வால்தம்ஸ்டோவில் அவருடைய வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். சம்பவங்கள் அவருடையவை. மூடுபனியும் வெளிச்சமும் என்னுடையவை. இனிமேல் அவரை 'அவன்' என்று எழுதப் போகிறேன். கதை நடந்தபோது அவருக்கு இருபது வயதுக்குச் சற்று மேலே. கோபிக்கமாட்டார்.

2

முதல் தொடக்கம்: ஷெல் விழுந்த ஒரு மத்தியானம் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையோரமாக ஓடத் தொடங்கிய அந்தக் கால்கள்—

இத்தோடு விட்டுவிட்டேன். இதை வாசித்துக் காட்டியபோது அவர் முகம் சுளித்தார்.

"ஷெல்லுக்கு எல்லாரும்தான் ஓடினவை. நான் அம்மான்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல ஓடினனான். அதிலை வேகம் எங்கை இருக்கு?"

இரண்டாவது தொடக்கம் இது. எண்பத்தேழின் மாரி. பெற்றோல் ஷெட்டில் காலை ஷிப்ட் முடித்து, ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த அக்கா மெற்றில்டாவின் வீட்டுக்கு அவன் பெரிய புல்வெளியைக் குறுக்கே கடந்து போகிறான். பனிப்புகாருக்குள் தோள் வீங்கிய உருவங்கள் அசைகின்றன. தலைக்குப் பதிலாகக் கவசங்கள். அவன் அவற்றை ஒரு கனவைப் பார்ப்பதுபோல நின்று பார்க்கிறான். அப்போது இரண்டு பக்கமும் கூரான ஒரு பந்து, சுழன்றுகொண்டே, அவனுடைய தலைக்கு மேலால் போகிறது.

அதை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. வேலைச் சப்பாத்தோடு ஓடி, நிலத்தில் விழமுன் பிடித்துவிட்டான். புகாருக்குள் எல்லா உருவங்களும் அசையாமல் நின்றன.

(இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். அன்று புகார் இருந்ததா என்று அவருக்கு ஞாபகமில்லை.)

3

பந்தை எறிந்தவன் வின்ஸ்டன், பஸ் ஓட்டுபவன். அது சம்பளமில்லாத, ஞாயிற்றுக்கிழமை அணி. அவர்கள் கிறிஸ்துநாயகத்துக்குக் கவசம் மாட்டி ஒரேயொரு வேலை கொடுத்தார்கள். நேராக ஓடு, வின்ஸ்டன் எறிவான், பிடி. அப்படி ஓடிப் பிடிப்பவனுக்கு ரிசீவர் என்று பெயர்.

முழு வேகம் எடுத்தால் சத்தங்கள் எல்லாம் அடங்கிவிடும் என்று அவர் சொன்னார். தண்ணீருக்கு அடியில் போவதுபோல. துரத்தி வந்தவர்களின் மூச்சு முதலில் போகும், பிறகு கூப்பாடு, பிறகு சொந்தக் கால்களின் சத்தமும் போய்விடும். திரும்பிப் பார்த்தால் வானத்தில் பந்து மட்டும் இருக்கும், தனக்காகக் காத்திருப்பதுபோல.

அது ஏன் காத்திருந்தது என்பது அவனுக்கு அப்போது தெரியாது. அவனுடைய ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்து, வின்ஸ்டன் தன் எறிதலையே மாற்றியிருந்தான். பந்தை உயரத்துக்கு அனுப்பி, அவன் போய்ச் சேரும்வரை அங்கேயே மிதக்க விட்டான். கிறிஸ்துநாயகம் அதையும் தன்னுடைய வேகம் என்றே நினைத்திருந்தான்.

4

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு ஒரு தொழில்முறை அணி வந்தது. அமெரிக்கர்களோடு உள்ளூர்க்காரர் சிலரையும் சேர்ப்பதாகச் சொன்னார்கள். தெரிவு நாளில் அவன் ஓடியதைப் பார்த்துவிட்டு, நேரக்கருவி வைத்திருந்தவர் அவனை இன்னொரு முறை ஓடச் சொன்னார். அவர் நம்பவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே ஓடினான்.

அவன் வேலையை விட்டான். பின்னேரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எலெக்ட்ரோனிக்ஸையும் விட்டான். அத்தான் அவனோடு பேசுவதை நிறுத்தினார். அக்கா மட்டும், உனக்கு ஏலும் எண்டால் போ, ஏலாட்டி வந்திடு என்றாள்.

5

வாசகரே, இனி அந்தக் கல்யாண வீட்டுக் கேள்விக்கு வருவோம். வேகமான ஒருவன் மேலே போய் ஏன் சோபிக்கவில்லை?

பதில்கள் என்னிடம் இருக்கின்றன. மேலே எல்லோரும் வேகம். ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே எதிரணிக்காரன் ஒருவன் நின்று இரண்டு கைகளாலும் நெஞ்சில் அடிப்பான், முதல் அடியே எடுக்க முடியாது. ஒரே வேகத்தில் ஓடுகிறவனை எதிரணி காவல் காப்பது லேசு. ரே என்றொரு அமெரிக்கன் அணியில் இருந்தான், கிறிஸ்துநாயகத்தைவிட வேகத்தில் தெளிவாகக் குறைந்தவன். ஆனால் அவன் தயங்குவான், வெடித்துக் கிளம்புவான், நிற்பான். அவனைக் காத்தவர்கள் அவனில்லாத இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இவற்றையெல்லாம் பழகலாம். பழக முடியாத ஒன்று இருந்தது என்று பயிற்சியாளர் டெலனி நினைத்தார். அங்கே பந்து காத்திருக்காது. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே, யாருமில்லாத ஓர் இடத்துக்கு அதை எறிந்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு அவன் வந்து நிற்பான் என்று எறிபவன் நம்பவேண்டும். பந்து வந்துகொண்டிருக்கிறது என்று ஓடுபவன் நம்பவேண்டும்.

கிறிஸ்துநாயகம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பார்க்கும் ஒவ்வொரு தரமும் ஓர் அடி இழந்தான்.

(இங்கே 'அகதி' என்ற சொல்லை வைத்து, திரும்பிப் பார்க்கும் கண்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அழகாகத்தான் வந்தது. எடுத்துவிட்டேன். அந்த அணியில் டெக்சாஸ்காரன் ஒருவனும் அப்படியே திரும்பித் திரும்பிப் பார்த்தானாம்.)

ஆனால் அவன் பழகினான். காலையில் ஆளில்லாத மைதானத்துக்குப் போய், பத்துக் கஜம் ஓடி நிற்பான். ஓடி நிற்பான். முதலில் விழுந்தான். பிறகு வழுக்கினான். சித்திரை முடியுமுன் ஆணி அடித்ததுபோல நிற்கப் பழகியிருந்தான். டெலனி வந்து பார்த்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு இடம் உண்டு என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

6

அந்த ஆட்டத்துக்கு மெற்றில்டா வந்தாள். அவளுக்கு விளையாட்டு ஒன்றும் விளங்காது. ஈரமான, பால் வெளிச்சம் பரவிய பின்னேரம். கடைசிக் கட்டத்தில், அவனுடைய அணி சிறிது பின்தங்கியிருக்க, டெலனி அவனை அனுப்பினார். கொடுத்த வேலை, பத்துக் கஜம் ஓடு, நில், திரும்பு. பந்து அங்கே இருக்கும்.

அவனைக் காவல் காத்த எதிரணிக்காரன் அவனுடைய வேகத்தைக் கேள்விப்பட்டிருந்தான். பயத்தில் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தான். கிறிஸ்துநாயகம் நின்றால் மட்டும் போதும்.

அவன் நிற்கவில்லை.

பத்துக் கஜத்தைக் கடந்தான். சத்தங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. காத்தவனையும் கடந்தான். அவனுக்குப் பின்னால், அவன் நிற்கவேண்டிய அந்த வெறும் இடத்துக்குப் பந்து நேராக வந்தது. எதிரணிக்காரன் ஒருவன் அதை இலகுவாக எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடினான். மைதானம் முழுவதும் பந்தோடு திரும்பியது, ஆயிரமாயிரம் தலைகள்.

மெற்றில்டா மட்டும் எழுந்து நின்று கை தட்டினாள். தம்பி எல்லாருக்கும் முன்னால், எட்டாத தூரத்தில், தனியாக ஓடிக்கொண்டிருந்தான்.

7

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவனை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். விட்ட படிப்பை அடுத்த வருடம் தொடர்ந்தான். இன்று லிஃப்ட் திருத்துகிறார், கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக்குத் திரும்பிய அன்று அக்கா, நீதானே முன்னுக்கு வந்தனீ, பிறகேன் நிப்பாட்டினவை என்று கேட்டாளாம். ஓம் அக்கா, முன்னுக்குத்தான் வந்தனான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டானாம்.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் மறந்துவிட்டான்: பழைய கால்கள் புதிய பாடத்தை மீறிவிட்டன. இன்னொன்றில் பந்து வரும் என்று அவன் நம்பவில்லை. இரண்டையும் அவரிடம் சொன்னேன். இரண்டுக்கும் தலையாட்டினார். பிறகு வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னார்:

"எனக்கு நிக்கத் தெரியும் தம்பி. அண்டைக்கும் தெரியும். அந்தப் பத்துக் கஜத்திலை சத்தமெல்லாம் நிண்டு போச்சு. அதுக்குள்ளையிருந்து வெளியிலை வர மனம் வரேல்லை."

இது மூன்றாவது முடிவா, அல்லது வருடங்கள் போனபின் ஒரு மனிதன் தனக்குச் செய்துகொண்ட ஆறுதலா, எனக்குத் தெரியவில்லை.

அதனால் அவனை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். பந்து கைமாறிவிட்டது, அவனுக்கு இன்னும் தெரியாது. ஈரப் புல், பால் வெளிச்சம், துளிச் சத்தமில்லை. மேலே, பார்வையாளர் படிகளில், அக்கா கை தட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வரியில் அவன் திரும்பிப் பார்க்கவேண்டும். அந்த வரியை நான் எழுதவில்லை. எழுதத்தான் வேண்டும் என்றால், வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.