ஒரு கை ஜாஸ்தி

அப்பாதுரையின் கடைத் தராசில் முதல் பாக்கெட் 562 காட்டியது. இரண்டாவது 531. மூன்றாவதை வைத்தபோது 578. பாக்கெட்டுகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டிலோ எல்லாவற்றிலும் ஒரே எழுத்துதான்: ஜவ்வாது மலைச் சாமை அரிசி, 500 கிராம்.

"என்னம்மா இது?" என்றார் அப்பாதுரை. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சிறுதானியக் கடை வைத்திருப்பவர். வெளிநாட்டுக்காரர்களிடம் வியாபாரம் பண்ணிப் பண்ணி எதிலும் ஓர் ஒழுங்கு கேட்பவர்.

காசியம்மாள் தராசை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மொதல்ல வெச்சது என் கை. ரெண்டாவது சிந்துஜாது, பொண்ணு ஒல்லி. இது மணியம்மாளுது. அதுக்குக் கை மொறம் மாதிரி."

அவளுக்கு அது பெருமை. மலை மேல் நெல்லிமரத்தூரில், அளந்து கொடுக்கும்போது மேலே ஒரு கை போடாமல் யாரும் கொடுப்பதில்லை. தலைதட்டி, படி விளிம்புக்குச் சரியாக அளப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், செத்தவர் வாயில் போடும் அரிசிக்கு. உயிரோடு இருக்கிற ஆளுக்கு அப்படி அளந்தால், போய்ச் சேர் என்று சொல்வதற்குச் சமம். அதனால்தான் ஊர் மகளிர் குழுவின் பதினான்கு பெண்களும் தராசில் ஐந்நூறு கிராம் கச்சிதமாக நிறுத்து, பிறகு மனசாரக் கைநிறைய அள்ளிப் போட்டு ஒட்டியிருந்தார்கள். முந்நூறு பாக்கெட்டிலும்.

"ஜாஸ்திதானே இருக்குது? கம்மியா இல்லியே?" என்றாள்.

"அதாம்மா வம்பே. சாம்பிளுக்குக் குடுத்தீங்களே, அதை ஒரு வெளிநாட்டு அம்மா தூக்கித் தூக்கிப் பாத்து கனமானதா பொறுக்கி எடுத்துக்கினு போச்சு. லேசானது அப்படியே கெடக்குது. இன்னிக்கு ஜாஸ்தி போடுற கை நாளைக்குக் கம்மியா போடாதுன்னு நான் எப்படி நம்புறது?" அவர் பாக்கெட்டுகளை இந்தப் பக்கம் தள்ளினார். "பௌர்ணமிக்கு முந்தின நாள் எல்லாம் ஒரே எடையா வரட்டும். மாசாமாசம் எடுத்துக்கறேன்னு கடுதாசி தர்றேன். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது.

அந்தக் கடுதாசியில்தான் நெல்லிமரத்தூரே தொங்கிக்கொண்டிருந்தது. அரசுத் திட்டத்தில் வந்த சாமை அரைக்கும் மெஷின், நிலையாக வாங்குகிற ஆள் கிடைத்தால்தான் ஊரில் நிற்கும். ஆறு மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் வேறு மலைக்குப் போய்விடும். ஐந்து மாதம் ஓடிவிட்டது. மெஷின் வருவதற்கு முன் சாமையை உமியோடு கீழே அனுப்பி, வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டினார்கள். அறுப்பு முடிந்ததும் ஆண்கள் காப்பித் தோட்டத்துக்கு, பெண்கள் பனியன் கம்பெனிக்கு, கிழடுகளும் நாய்களும் ஊருக்குக் காவல். காசியம்மாள் அப்படிப் பதினொரு வருஷம் திருப்பூரில் இருந்தவள். இனி அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று மெஷின் வந்த அன்றே முடிவு பண்ணியிருந்தாள்.

வெளியே டெம்போவோடு நின்றிருந்த பூஜாவிடம் விஷயத்தைச் சொன்னாள். திட்டத்தின் களப்பணியாளர் பூஜா. அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்துப் பெண். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பத்து பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட்டை சும்மா தூக்கிக் குடுக்குறீங்களே அக்கா! இப்படிப் போனா மெஷினுக்குக் கரெண்ட் பில்கூட கட்ட முடியாது."

காசியம்மாளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் சொன்னது நிஜம்தான்.

புதுக் கவர் எடுக்க பூஜாவின் வீட்டுக்குக் கிரிவலப் பாதை வழியாகப் போனார்கள். பௌர்ணமிக்கு இப்போதே பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்னதானத்துக்கான அடுப்புகளும் அண்டாக்களும் இறங்கிக்கொண்டிருந்தன. காசியம்மாள் அந்த அண்டாக்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பூஜா, உங்க வூட்டு வாசல்ல ஒரு அடுப்பு வெக்கலாமா?"

"அனுமதி வாங்கினா வெக்கலாம். எதுக்குக்கா?"

"வாங்கி வை. சொல்றேன்."

மறுநாள் காலை மெஷின் கொட்டகையில் பதினான்கு பேரும் கூடினார்கள். விஷயத்தைக் கேட்டதும் மணியம்மாள் எழுந்தே விட்டாள். ஐம்பத்தெட்டு வயது, ஊரில் அவள் வார்த்தைக்கு எடை ஜாஸ்தி.

"போட்ட கையைத் திருப்பி எடுக்கிறதா? நாம என்ன அந்தக் கடைக்காரருக்கு வாய்க்கரிசியா அளக்குறோம்? நான் கை வெக்க மாட்டேன். நீங்களும் வெக்காதீங்க."

பெண்கள் அவள் பக்கம் சாய்வது காசியம்மாளுக்குத் தெரிந்தது. இப்போது வழுக்கினால் எல்லாம் வழுக்கிவிடும்.

"மெஷின் போச்சுன்னா உன் மருமக சிந்துஜா திரும்பவும் திருப்பூருக்குப் போவா. பேரப்புள்ளையையும் தூக்கிக்கினு போவா. வருஷத்துக்கு ஒருதரம் வர்ற புள்ளைக்கு நீ எந்தப் படியால அளந்து போடுவே?"

மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

காசியம்மாள் ஒரு பெரிய அண்டாவை இழுத்து நடுவில் வைத்தாள். "நான் கையைக் குறைக்கச் சொல்லல. எடுத்து இதுல போடச் சொல்றேன். கடைக்கு நிறுத்தது போகட்டும். அள்ளினது மலை சுத்துறவங்களுக்குப் பொங்கலா போகட்டும். முந்நூறு கை. ஒண்ணுகூட நாம வெச்சுக்கப் போறதில்ல."

முதல் பாக்கெட்டை அவளே வெட்டினாள். உள்ளே கைவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் போட்ட கையை எடுத்ததில்லை. தராசு 500 காட்டும்வரை அள்ளி அண்டாவில் போட்டு, மிச்சத்தைப் புதுக் கவரில் ஒட்டினாள். இரண்டாவது பாக்கெட், மூன்றாவது. தனியாகவே முந்நூறையும் பிரிப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழாவதுக்கு சிந்துஜா வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

மணியம்மாள் மட்டும் மத்தியானம் வரை வாசலிலேயே நின்றாள். கடைசியில், "எடுக்கிறதுதான் எடுக்கறீங்க, கீழ சிந்தாம எடுங்கடி" என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

சொன்ன நாளில் முந்நூறு பாக்கெட் அப்பாதுரையின் தராசில் ஏறியது. இருபதை நிறுத்துப் பார்த்தார். எல்லாம் 500. "வித்துப் பாத்துட்டுக் கடுதாசி தர்றேன்" என்று சொல்லிவிட்டார். வாக்கு மாறுகிறாரே என்று காசியம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் சண்டை போடவில்லை. அவளுக்கு அடுப்பு வேலை இருந்தது.

பௌர்ணமியன்று காலை ஏழு மணிக்கே பூஜா வீட்டு வாசலில் சாமைப் பொங்கல் மணத்தது. மிளகும் சீரகமும் மணியம்மாளின் கைப்பக்குவம். மலையிலிருந்து கொண்டுவந்த மந்தாரை இலைத் தொன்னைகளில் அவள் அள்ளி அள்ளி வைத்தாள். "போதும்மா" என்றவர்களுக்கும் மேலே ஒரு கரண்டி விழுந்தது. சாப்பிட்டவர்கள் இது அரிசியா ரவையா என்று கேட்டார்கள், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். காசியம்மாள் தொண்டை வற்ற ஒரே பதிலைச் சொன்னாள்: "செங்கம் ரோட்ல அப்பாதுரை கடை."

மத்தியானம் அப்பாதுரை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சட்டை வேர்த்திருந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சீங்க? மலை சுத்தின ஜனம் பூரா கடைக்குள்ள நிக்குது. முப்பது பாக்கெட்தான் பாக்கி." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். "இந்தாங்க. மாசம் ஐந்நூறு பாக்கெட்டுன்னு எழுதியிருக்கேன். எடை மட்டும் மாறக் கூடாது."

"மாறாதுங்க" என்றாள் காசியம்மாள். காகிதத்தை வாங்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்டாவின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மணியம்மாள் ஒரு தொன்னையை நிரப்பி அவரிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் குடுங்க, போதும்" என்று கை காட்டினார்.

மணியம்மாள் கேட்டபாடில்லை. கரண்டியால் அண்டாவை வழித்து, ஏற்கெனவே நிரம்பிய தொன்னையின் மேல் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

"சாப்புடு சாமி. உயிரோட இருக்கிற ஆளுதானே நீ?"