இரண்டு கிடைக்கு வந்த ஒரே சேதி

எங்கள் கிடையில் நாற்பது குடும்பங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் வறட்சி அலுவலகத்துக்காரர்கள் வந்தபோது கைபேசியை என்னிடம் கொடுத்தார்கள். எங்கே பச்சை இருக்கிறது என்று வானத்திலிருந்து பார்த்து, பத்து நாளுக்கு ஒருமுறை சேதி அனுப்புவார்கள். அதைப் படித்துச் சொல்வது என் வேலை. அதற்கு முன்னால் பெரியவர்கள் ஆட்டுக் குடலைப் பார்த்துச் சொன்ன திசையில்தான் மாடுகளை ஓட்டுவோம். தொடர்ந்து மூன்று வருடம் அது பொய்த்துப் போனது.

நான்காம் வருட வறட்சியில் லோரியம் மலையடிவாரத்தில் புல் இருப்பதாகச் சேதி வந்தது.  அந்த அடிவாரம் துர்கானா இனத்தாரான எங்களுக்கும் பொகோட் இனத்தாருக்கும் நடுவில் கிடக்கும் இடம். ஐந்து வருடத்துக்கு முன் நடந்த சண்டையில் அங்கே பதினோரு பேர் செத்தார்கள். அதன் பிறகு யாரும் அந்தப் பக்கம் மாடு ஓட்டவில்லை. புல் பிழைத்துக் கிடந்ததே அதனால்தான்.

கிடைத் தலைவர் லொக்வாவி ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, "கிளம்புங்க" என்றார்.

மூன்று நாள் நடந்து போய்ச் சேர்ந்தோம். புல் முழங்கால் உயரம் நின்றது. ஆனால் முதல் புதரடியிலேயே சாணம் கிடந்தது. லொக்வாவி அதைக் கால் விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலைல போட்டது. பொகோட்டு மாடு. எகிதோர், இந்த இடத்தைச் சொன்னது யாரு?"

"கைபேசிதான் அண்ணே."

"கைபேசியா, உன் மச்சானா?"

என் அக்கா நக்வாங்கை, சண்டை இல்லாத காலத்தில் ஒரு பொகோட்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம்.

"அஞ்சு வருஷமா அவ மூஞ்சியே பாத்ததில்லண்ணே."

"மூஞ்சி எதுக்கு? அதான் கையில பேசுற பெட்டி இருக்கே."

கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். என் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலை என் மனைவி அருப்பே ஆட்டில் பால் கறந்துகொண்டே கேட்டாள்: "உண்மையச் சொல்லு. உங்க அக்கா கூடப் பேசினியா?"

"நீயுமா?"

"நான் கேக்காம வேற யாரு கேப்பா? சுடறதுன்னா உன்னத்தான் முதல்ல சுடுவாங்க."

மறுநாள் காலை, வறண்டு கிடந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தோம். எதிர்க்கரையில் ஐந்து பொகோட்டுகள் துப்பாக்கியோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பொகோட் பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

அவர்களின் தலைவர் தொமொக்வாங் எங்கள் மொழியிலேயே கத்தினார்: "நாங்க வர்றத உங்களுக்குச் சொன்னது இந்தச் செப்துருதானே? அடிச்சும் ஒத்துக்க மாட்டேங்குறா!"

"நீங்க வர்றது தெரிஞ்சிருந்தா பொண்டாட்டி புள்ளைங்கள இங்க கூட்டிட்டு வருவோமா?" என்று லொக்வாவி திருப்பிக் கத்தினார்.

தொமொக்வாங் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர்களும் குடும்பத்தோடுதான் வந்திருந்தார்கள்.

அவர்கள் கிடையில் சேதி படித்துச் சொல்பவள் செப்துரு; அவள் இடுப்பிலும் ஒரு கைபேசி இருந்தது. லொக்வாவி என்னுடையதை என் கையில் திணித்து, "போய்ப் பாரு" என்றார். ஆற்றின் நடுவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாறி மாறிப் படித்தோம். இரண்டிலும் ஒரே நாள், ஒரே மலை. ஒரே எழுத்துப் பிழைகூட.

"உன்னையும் அடிச்சாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"கவலைப்படாதே, நாள் இருக்கு."

நாங்கள் படித்ததைக் கேட்டபின் இரண்டு தலைவர்களின் கோபமும் வேறு பக்கம் திரும்பியது. "ரெண்டு கூட்டத்தையும் ஒரே புல்லுக்கு அனுப்பி மோத விடுறானுங்க" என்றார் தொமொக்வாங். லொக்வாவி முதல் முறையாகத் தலையாட்டினார். எங்களுக்கு நல்லது செய்யத்தான் அந்த அலுவலகம் சேதி அனுப்பியது என்று இன்றுவரை அவர்கள் இருவரும் நம்பவில்லை. சேதியில் பொய் இல்லை. அது இன்னொருவருக்கும் போகிறது என்பதை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பிப் போனால் பாதி மாடு வழியிலேயே விழும். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். வழி சொன்னவள் செப்துருதான்.

"என்னை அவங்க கிடையில வைங்க. இவன் நம்ம கிடையில இருக்கட்டும். எந்தப் பக்கம் மாடு காணாமப் போனாலும் கையில ஒரு உசிரு இருக்கும். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்ல."

நம்ப வேண்டாம் என்று சொன்னதால் ஒப்புக்கொண்டார்கள். ஊற்றுத் தண்ணீர் ஒருநாள் அவர்களுக்கு, மறுநாள் எங்களுக்கு என்று ஆனது.

பொகோட் கிடையில் எனக்குக் குறையில்லாமல் பால் கொடுத்தார்கள். ஒன்றுக்குப் போனாலும் பின்னால் ஒருவன் வந்தான். அக்கா அந்தக் கிடையில் இல்லை; அவளைப் பற்றிக் கேட்க நாக்கு துடித்தது. கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். 

இருபதாம் நாள் அவர்களுடைய பசு ஒன்றைக் காணவில்லை. என்னை ஒரு முள்மரத்தடியில் உட்காரவைத்து ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் தடம் பார்க்கப் போனார்கள். எங்கள் ஆள் யாராவது அதை ஓட்டியிருப்பானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. எங்கள் இளவட்டங்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஓட்டியிருக்க மாட்டான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு முகமும் இல்லை.

வெயில் சாயும்போது திரும்பி வந்தார்கள். கழுதைப்புலி தின்றதுபோக மீந்த கொம்பை என் முன்னால் போட்டார் தொமொக்வாங். துப்பாக்கி நீட்டியவன் ஒரு குவளைப் பால் கொண்டுவந்து வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் தண்ணீர் முறை மாறும்போது அருப்பே எதிர்க்கரையிலிருந்து கத்தினாள்: "உங்க அக்கா நல்லா இருக்கா! ரெட்டப் புள்ளையாம்! செப்துரு சொன்னா!" என் காவலாளி உட்படக் கரை முழுவதும் கேட்டது. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன்.

முப்பத்தெட்டாம் நாள் மழை பிடித்தது. ஒரு குண்டுகூடச் சுடாமல் இரண்டு கிடைகளும் பிரிந்தன.

நான் திரும்பியதும் லொக்வாவி தன் சிறு மணையைப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நம்மளப் பத்தி என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலண்ணே."

"இத்தனை நாளா ஒண்ணுமே கேக்கலையா?"

"நாம மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட அவங்களப் பத்தி என்ன கேட்டோம்?" என்றாள் அருப்பே.

 லொக்வாவி எழுந்து போய் என் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். தோட்டாக்களைக் கொடுக்க இன்னும் ஒரு மாதம் ஆனது.