முதலில் எழுந்தது யார்

...பையை நடுவில் வைக்கவேண்டிய அவசியம் என்ன, மடியில் வைத்துக்கொண்டால் குறைந்தா போய்விடுவாள், மாட்டாள், வேலி போட்டாற்போல நடுவில் ஒன்றை வைக்காவிட்டால் நாத்தனாருக்கு உட்கார்ந்த இடம் சுடும், ஊரில் அடுப்படியிலும் அப்படித்தான், இது எங்கம்மா பாத்திரம், அது நீங்க கொண்டுவந்தது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல... இவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை பெரிய தையல் கம்பெனியில், இத்தனை பெண்கள் இருக்கும்போது, மேடம் அறைக்கு வெளியே கிடக்கும் இந்த ஒரே பெஞ்சில் கடைசியாக மிஞ்சியது தானும் நாத்தனாருமா, யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இப்படி அமையாது. சுவரில், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று அம்பு போட்ட படம் ஒட்டியிருந்தது, அம்பு காட்டிய கதவில் பூட்டுத் தொங்கியது, ஓடு, நன்றாக ஓடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம், ஆட்களைச் சேர்ப்பதும் கழிப்பதும் அவர் கையில்தான், பட்டன் வைக்கிறவளிடம் பேசிக்கொண்டிருந்தார், சத்தம் வரவில்லை, இரண்டு தலைகள் மட்டும் ஆடின. காலையிலிருந்து லைனில், இவர்கள் மிஷின் வரிசையில், உள்ள ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விதான். நேற்று மிஷினை முதலில் நிறுத்தி எழுந்தது யார்? போனவர்கள் எல்லோரும் தெரியாது என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல், நேரே மிஷினுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தெரியாதாம். லைன் முழுக்கக் கண்ணால் பார்த்த விஷயம், தெரியாதாம்...

பார்த்ததுதான். கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரு டோக்கன், கயிறு கட்டிய சிவப்பு அட்டை, மாட்டுக்கு மணி கட்டினாற்போல அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும், ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம், இதைக் கண்டுபிடித்த மகராசன் எந்த ஏசி அறையில் உட்கார்ந்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு கண்டுபிடித்தானோ. நேற்று அந்த டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சூப்பர்வைசர் துணி வெட்டும் கட்டிங் பக்கம் அரட்டைக்குப் போய்விட்டான். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் ஒரு சின்னப்பெண், புதுசு, பாஷை தெரியாதவள், எங்கிருந்தோ ரயிலேறி வந்து இறங்கியவள், எழுந்தாள், உட்கார்ந்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி எழுந்தாள், கடைசியில் வெட்டிப் போட்ட துணிகளை வாரி மடியில் போட்டு மூடிக்கொண்டாள். நாற்காலிக்கு அடியில் சொட்டியது. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் குனிந்து இன்னும் வேகமாகத் தைத்தார்கள், அந்தச் சொட்டுச் சத்தம் காதில் விழக்கூடாது என்பதுபோல. அப்போதுதான் நாத்தனார் ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்தாள். "டோக்கன் வர்ற வரைக்கும் நான் தைக்க மாட்டேன்" என்றாள். யாரிடம் சொன்னாள், எதிரே ஆளில்லை, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துச் சொன்னாள், அப்படியே நின்றாள். பக்கத்து மிஷின் நின்றது, அதற்கடுத்தது, அதற்குப் பின்னால்... சூப்பர்வைசர் ஓடிவந்தபோது லைனே ஊமையாகிக் கிடந்தது. எவ ஆரம்பிச்சது, எவ ஆரம்பிச்சது என்று கத்தினான். அந்தச் சின்னப்பெண்ணை இன்று காணோம், எங்கே போனாள் என்று கேட்பதற்கும் யாருக்கும் வாய் வரவில்லை, அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாதே...

தைரியமாம். சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு அதைத்தான் குசுகுசுத்தார்கள், உங்க நாத்தனாருக்கு என்ன தைரியம் என்று, இவள் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டாள். யாருக்குத் தைரியம்? புருஷன் வீட்டில் பெட்டியோடு திருப்பி அனுப்பியபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வந்து மூலையில் சுருண்டு படுத்தவளுக்கா? அந்த மூலையிலிருந்து இழுத்து இங்கே கூட்டிவந்தது யார், மிஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தது யார், பஸ் கிளம்பும்போது அம்மா அம்மா என்று ஊரே பார்க்க அழுதவளை முதுகில் ஒன்று வைத்து உள்ளே தள்ளியது யார்... அதற்கு முன்னால், முதன்முதலில் இவள் வந்தபோது தள்ளிவிடவும் ஆளில்லை. தனியாக வந்தாள். மகள் தூங்கும்போது கிளம்பி வந்தாள், விழித்திருந்தால் வந்திருக்க முடியாது. கூட்டிவந்ததற்கு நாத்தனார் செய்த கைமாறு என்ன? வீட்டுக்குப் போன் போட்டு ஓதினாள். அண்ணி புதுச் செருப்பு வாங்கியிருக்காங்க. அண்ணி கரண்டு வேலை பாக்கற ஆளோட சிரிச்சுப் பேசறாங்க. பல்பு மாற்ற வந்தவனைப் பார்த்து அழவா முடியும்? அன்றைக்கே இவள் புருஷன் போனில் கூப்பிட்டார், குரலை உயர்த்தமாட்டார் அவர், வேலைக்கும் போகமாட்டார், குரலை மட்டும் உயர்த்தவே மாட்டார், சம்பளம் இனிமே நேரா என் கணக்குக்கே வரட்டும்மா, உனக்கு எதுக்கு வீண் அலைச்சல் என்றார், தேன் தடவினாற்போல. முடிந்தது கதை. அதற்கப்புறம் ஒரு சோப்பு வாங்கவும் அவரிடம் கேட்கவேண்டும், மகளோடு பேசவேண்டுமென்றாலும் அவர் மனசு வைக்கவேண்டும், அந்த மகளும் போனை எடுத்தவுடன் அத்தைகிட்ட குடு என்கிறாள். அத்தைகிட்ட குடு... பெற்றவள் இங்கே குத்துக்கல் மாதிரி நிற்க, அத்தைகிட்ட குடு. அதிலிருந்து நாத்தனாரோடு நேர்ப்பேச்சு கிடையாது. ஒரே அறை, ஒரே அடுப்பு, பாய்க்கும் பாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, ஆனால் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதைக்கூட அறையில் மூன்றாவது ஆளாக இருக்கும் பட்டன்காரியிடம்தான் சொல்வது, அவள் பாவம், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தந்தி அடித்தே இளைத்துப்போனாள்.

கதவு திறந்தது, பட்டன்காரி வெளியே வந்தாள், அவளும் முகத்தைக் காட்டவில்லை, "அடுத்த ஆளாம்" என்று தரையிடம் சொல்லிவிட்டுப் போனாள். இவள் எழுந்து உள்ளே போனாள். மேடம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், இந்தக் கம்பெனியில் நாற்காலி கொடுத்தால் பதிலுக்கு எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். மேடம் கேள்வியே கேட்கவில்லை. லைன் லீடர் இடம் ஒன்று காலியாக இருப்பதைச் சொன்னார். லீடர்களுக்குக் குடும்பத்தோடு தங்கப் பின்பக்கம் கம்பெனி வீடு தருவதைச் சொன்னார். உங்களுக்குப் பொண்ணு இருக்குல்ல, பாவம், கூட்டிட்டு வந்துடலாமே என்றார். யார் சொன்னது இவருக்கு, எந்தக் கழுதை சொன்னது... ஆனாலும் மனசு அதற்குள் அந்த வீட்டுக்குள் போய்விட்டது, கதவைச் சாத்திவிட்டது, மகளைக் கால்களுக்கு நடுவில் உட்கார வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தது, வலிக்குதும்மா என்கிறாள், அம்மா என்கிறாள்... "எனக்கு ஏற்கெனவே தெரியும். உங்க நாத்தனார்தானே? நீங்க வாயால சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினா போதும்." ஆட்டினால் போதும். எவ்வளவு லேசு. நாத்தனார் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி அழுதுகொண்டே ஊர் போய்ச்சேருவது கண்முன் ஓடியது, இனித்தது, பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. பிடரியில் தலையாட்டல் கிளம்பிவிட்டது. மேடம் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவங்களைப் பாத்தாலே தெரியுது, துணிஞ்ச ஆளு. நாலு பேரைக் கிளப்பிவிடற ஆளு. நீங்க அப்படி இல்ல. அடங்கின ஆளு" என்றார்.

அடங்கின ஆளு... மகளைத் தூங்கவைத்துவிட்டு நடந்து வந்தவள் அடங்கினவள், பஸ்ஸில் அழுதவள் துணிஞ்சவளா? ஊரில் அவள் பேர் எடுக்கவேண்டும், போனில் அவள் பேர் எடுக்கவேண்டும், இங்கேயும், இவள் கொண்டுவந்து உட்கார வைத்த இந்த இடத்திலேயும் அவள்தான் பேர் எடுக்கவேண்டுமா? "அவளுக்கு அவ்வளவெல்லாம் தைரியம் கிடையாது மேடம். நான்தான் எழுந்தேன்." சொன்னது தன் வாய்தானா என்று இவளுக்கே சந்தேகம் வந்தது. எழுந்தாளாம். நேற்று மொத்த லைனும் அடங்கிப்போன பிறகும், ஒரே ஒரு மிஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததே, அது இவளுடையது. அந்தச் சட்டைக் கையை முடித்துவிடலாம், காலரைத் தொட்டுவிடலாம் என்று தைத்துக்கொண்டே இருந்தாள், பயத்தாலா, பயம்கூட இல்லை, வேறு எவள் எழுந்திருந்தாலும் இரண்டாவதாக இவள்தான் எழுந்திருப்பாள், எழுந்தவள் அவளாயிற்றே, அவள் பின்னால் போய் நிற்பதா... மேடத்தின் முகத்திலிருந்த சிரிப்பு, துணியை மடித்து வைத்தாற்போலக் காணாமல் போயிற்று. கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார், வேலை போயிற்று. வெளியே வந்தபோது நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். பட்டன்காரி இல்லை, தந்தி அடிக்க ஆளில்லை, நேராகவே சொல்லவேண்டியதாயிற்று. "உள்ள போய் வாயைத் தொறக்காதே. தெரியாதுன்னு சொல்லிட்டு வேலையைப் பாரு" என்றாள். பெரிய உபகாரம் செய்கிற தோரணையில்தான் சொன்னாள், உபகாரமா அது...

கேட்டுக்கு வெளியே வெயில் தலையில் இறங்கியது. வேலை நாளில் இந்த நேரத்துத் தெருவை இவள் பார்த்ததே இல்லை, கடைக்காரர்கள் இவளை யாரோ மாதிரி பார்த்தார்கள், வாட்ச்மேன் சாப்பாட்டு டப்பாவை உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேற்றுவரை அக்கா அக்கா என்றவன். இனி என்ன, அறை வாடகை, மகள் பள்ளிக்கூடம், அவரிடம் என்ன சொல்வது, அந்தத் தேன் குரல் இப்போது எப்படி மாறும் அல்லது மாறாதா, மாறாவிட்டால் அது இன்னும் பயங்கரம்... கேட்டின் சின்னக் கதவு திறந்தது. நாத்தனார். பையோடு. கழுத்தில் அடையாள அட்டை இல்லை. இவள் வழியை மறித்தாள். வாயைத் தொறக்காதேன்னு சொன்னேனே, என்ன சொல்லித் தொலைச்சே என்று கேட்டாள். மேடம், உங்க அண்ணி ஒத்துக்கிட்டாங்க, நீ போய் மிஷினைப் பாரு என்றுதான் சொன்னாராம். நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லையாம், அவங்க பொய் சொல்றாங்க, எழுந்தது நான் என்றாளாம். மேடம் இரண்டு அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டாராம். "நான் செஞ்சதை நீங்க எப்படி எடுத்துக்கலாம்?" என்றாள் நாத்தனார், குரல் நடுங்கியது, அழுகை இல்லை, ஆத்திரம். "ஒண்ணே ஒண்ணு செஞ்சேன் நான், இத்தனை வயசுக்கு. அதுவும் உங்களுக்கு வேணுமா?" உன்னால்தானே என் சம்பளம் போயிற்று, என் பிள்ளை போயிற்று என்று இவள் வாயில் வந்தது, ஒரு மூட்டை வந்தது, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றாள். அதற்குள் நாத்தனாரே சொன்னாள், "நீங்க எங்க எழுந்தீங்க? கடைசியா நின்னதே உங்க மிஷின்தான். திரும்பாமலே தெரிஞ்சுது எனக்கு."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள். இவளும் நடந்தாள், வேறு எங்கே போவது, போகும் அறை ஒன்றுதானே, பத்தடி பின்னால், கூடச் சேர்ந்து போகிறாள் என்று யாரும் நினைத்துவிடாத தூரத்தில். திமிர், எத்தனை திமிர், நடுத்தெருவில் வைத்துக் கேட்கிறாள், ஊருக்குப் போன் போட்டு இதையும் சொல்வாள், அண்ணி பொய் சொன்னாங்க என்று முதல் வரியே அதுதான்... திரும்பாமலே தெரிஞ்சுது. எப்படித் தெரியும்? எல்லா மிஷினும் ஒரே கம்பெனி, ஒரே சத்தம், வாசலைப் பார்த்து நின்றவளுக்கு எந்த மிஷின் யாருடையது என்று எப்படி... உற்றுக் கேட்டிருந்தால்தான் தெரியும். ஒவ்வொன்றாக நிற்க நிற்க, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று, அந்த ஒன்றுக்காகவே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தால்தான் தெரியும். எதற்காக நின்றாள், கோள் சொல்லவா, இல்லை அண்ணியும் எழுந்து வருவாள் என்றா... முன்னால் போகிறவளின் முதுகில் வியர்வை பரவிக்கொண்டிருந்தது. கேட்டுவிடலாம், பத்தடிதான். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்றுதான் இவளுக்குப் பயமாக இருந்தது.