பட்டன் பவளம்

பெரிய அலுமினியப் பாத்திரத்தில் கல் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரி கரண்டிக் காம்பால் அதைப் புரட்டிவிட்டாள். கல்லெங்கும் நெருக்கமாக ஒட்டியிருந்த பழுப்பு வட்டங்கள், சட்டைப் பட்டன் அளவில், ஒவ்வொன்றாகச் சுருங்கி வழுவழுவென்று நுரை விட்டன.

கூடத்து மீன்தொட்டியிலிருந்து வந்த கல் அது. சுவர் நீளத்துக்கு உப்புத் தண்ணீர், உள்ளே பவளங்கள், விரல் விரலாக அசையும் கடல் சாமந்தி, அதற்குள் ஒளிந்து விளையாடும் ஆரஞ்சு மீன்கள். காலையில் சார்தான் கல்லை வெளியே எடுத்தார். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி. சட்டை நனையக் கூடாதென்று போட்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"இந்தப் பட்டன் பவளம் களை மாதிரி. விட்டா மத்ததையெல்லாம் மூடிடும். நல்லா கொதிக்க வச்சு, பிரஷ் போட்டுத் தேச்சுடு."

"உயிரோட இருக்கே சார்?"

"அதனாலதான் கொதிக்க வைக்கச் சொல்றேன்."

நாற்றம் கூடத்தை எட்டியதும் மேடம் வந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள். "ஜன்னலையும் மூடிடு. பால்கனிக்கு வருது."

சமையல்காரி மூடினாள். கல்லை இடுக்கியால் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு, ஆவி முகத்தில் அடிக்க அடிக்கத் தேய்த்தாள்.

அந்த வீட்டு டிரைவர் அவள் புருஷன். தண்ணீர் குடிக்கப் பின்வாசல் வழியாக வந்தவன் ஆவிமூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "மீனுக்கு வீடு கழுவிக் குடுக்கறியா? அட்வான்ஸ் வாங்கிக்கோ."

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தாள். "என்னங்க... வாயெல்லாம் இரும்ப நக்கின மாதிரி இருக்கு. மூச்சு பாதியிலயே நிக்குது." பற்கள் தந்தியடித்தன. அடுப்பருகே இருந்தும் கைகள் ஐஸாகக் கிடந்தன.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்சீட்டில் கிடத்தினான். சார் மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். "வண்டிய எடுத்துட்டுப் போறேன் சார்" என்று கீழிருந்தே கத்தினான். பதிலுக்கு நிற்கவில்லை. பாதி வழியில் அவள் சீட்டிலேயே வாந்தி எடுத்தாள்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். "எத மூச்சுல இழுத்தாங்க? ஆசிட்டா? பிளீச்சிங் பவுடரா? தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்."

"ஒரு நிமிஷம் மேடம், கேட்டுச் சொல்றேன்."

வராந்தாவுக்கு வந்து போன் போட்டான். சார் உடனே எடுத்தார்.

"தொட்டிக் கல்லுன்னு சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"சொல்லாத. பாத்ரூம் கழுவுற லிக்விட்னு சொல்லு. அந்தப் பவளமெல்லாம் வச்சிருக்கறதே தப்பு, பில் இல்லாம வாங்கினது. ஆஸ்பத்திரில இருந்து போலீசுக்கு எழுதுவாங்க."

"அது விஷமா சார்?"

போனுக்குள் தொட்டி மோட்டாரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சார், விஷமான்னு கேட்டேன்."

"நான் சொன்னத மட்டும் சொல்லு. செலவ நான் பாத்துக்கறேன். உங்க ரெண்டு பேர் வேலையும் எங்கிட்டதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

டிரைவர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். முகமூடிக்குள் அவள் உதடு நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்து இழுத்து எழுந்து உட்காரப் பார்த்தாள். நர்ஸ் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். அவன் போனை வைக்காமலே கதவைத் தள்ளினான்.

"மேடம், மீன்தொட்டிக் கல்லு. அதுல பவளம் ஒட்டியிருந்துச்சு. கொதிக்க வச்சா. கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருந்துச்சு."

அவன் கையிலிருந்த போனில் "டேய்" என்று ஒரு குரல் கேட்டு அறுந்தது.

டாக்டரம்மா யார் யாருக்கோ போன் செய்தாள். திரும்பி வந்தபோது அவள் நடை மாறியிருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். இருட்டுவதற்கு முன் அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஆசிட், பிளீச்சிங் பவுடர்னு ஏதாவது சொல்லியிருந்தீங்கன்னா ஒரு ஊசியப் போட்டு சாதாரண வார்டுக்கு அனுப்பியிருப்பேன். அந்தப் பவளம் கொதிச்ச ஆவி கடும் விஷம். நுரையீரல் வீங்கியிருக்கு, இதயத் துடிப்பும் சரியில்ல. ஐசியூல இருக்கறதாலதான் தப்பிச்சாங்க."

மறுநாள் மச்சினியைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு, காரைத் திருப்பிக் கொடுக்கப் போனான். வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"போலீஸ்காரர் வந்தாருப்பா. தொட்டியப் பாத்தாரு. இந்த மீனெல்லாம் எங்க கிடைக்கும்னு கேட்டாரு. டீ குடிச்சாரு, போயிட்டாரு." குரலைத் தாழ்த்தினார். "வேற டிரைவருக்குச் சொல்லிட்டாங்க. சமையலுக்கும் வேற ஆள்."

சார் பால்கனிக்கு வந்தார். அவன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று டிரைவர் அண்ணாந்து பார்த்தான்.

"பின்சீட்டு நாறுது. கழுவிட்டு சாவிய வாட்ச்மேன்கிட்ட குடு. பாக்கிச் சம்பளமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

டிரைவர் வாட்ச்மேன் நீட்டிய வாளியை வாங்கினான். பின்கதவைத் திறந்து, மண்டியிட்டு, சீட்டின் மடிப்புகளில் காய்ந்திருந்ததை விரலால் வழித்து எடுத்தான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தான். மூச்சு வாங்கும் குரல், அவளுடையதுதான்.

"என்னங்க... சாப்டீங்களா?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

"போன் அப்புறம் பேசலாம். கால் வைக்கிற இடத்தையும் சேத்துத் தேய்."